‘போ’ என்னும் சொல்: கும்பகருணன் கூற்றும் யாழ்ப்பாணத்து மூத்தோர் குரலும்

கம்பராமாயணத்து யுத்தகாண்டத்தில் அமைந்துள்ள கும்பகருணன் வதைப்படலம் யாழ்ப்பாணத்துத் தமிழ்க்கல்வி மரபில் தனியிடம் பெற்றதொரு பகுதியாகும். பண்டித வகுப்புக்களிலும் கோயில் மண்டபங்களிலும் அது தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டும் சொல்லப்பட்டும் வந்துள்ளது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கம்பன் காட்சிகளைச் சுவைத்தெழுதிய கட்டுரைகள் இம்மரபின் எழுத்துச் சான்றுகளாகும். 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே கம்பன் கழகம் தோன்றியபின் இச்சுவைப்பு பட்டிமண்டப மேடையில் மேலும் பரவியது. அம்மேடைகளிலே கும்பகருணனும் வீடணனும் பெரும்பாலும் எதிரெதிர்க் கட்சிகளாகவே நிறுத்தப்பட்டனர். செஞ்சோற்றுக்கடன் கழித்தவன் சிறந்தவனா, அறத்தின் பக்கம் சேர்ந்தவன் சிறந்தவனா என்பதே வினாவாக அமைந்தது. ஒரு சாரார் கும்பகருணனுக்கு மாலை சூட்டினர். மறுசாரார் வீடணனுக்குச் சூட்டினர்.

இவ்வினா தவறானதன்று. ஆயினும், இவ்விருவரும் போர்க்களத்திலே நேருக்குநேர் நின்று பேசும் காட்சியை இவ்வினாவோடு மட்டும் அணுகும்பொழுது, அக்காட்சியின் நடுவிலுள்ள ஒன்று நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. சாகப்போகும் மூத்தவன் ஒருவன் தான் வளர்த்த இளையவனைப் பார்த்து, நீ இங்கே நில்லாதே, போ, போய் வாழ் என்று மன்றாடுகின்றான் என்பதே அது. இம்மன்றாட்டத்தைத் தனியே எடுத்து நோக்குவதும், தமிழிலக்கியத்தில் வரும் பிற ‘போ’க்களோடு அதனை ஒப்பிடுவதும், கடந்த நாற்பதாண்டுக் காலத்தில் இம்மண்ணின் மூத்தோர் சொன்ன ‘போ’வுக்கு அது என்ன விளக்கம் தருகின்றது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

காட்சியின் அமைப்பு

காட்சி எவ்வாறு எழுகின்றது என்பதை முதலில் நினைவுகூர்தல் தகும். கும்பகருணன் போருக்கு உடன்பட்டு வந்தவனல்லன். துயிலெழுப்பப்பட்டு இராவணன் முன் வந்தபோது, சீதையை விடுத்து இராமனோடு உறவு செய்யுமாறே அவன் தமையனுக்கு அறிவுரை கூறுகின்றான். இராவணன் சினக்கின்றான். அதன்பின்னரே, தான் மீளப்போவதில்லை என்பதை அறிந்தும் அவன் களம் புகுகின்றான். தான் இறந்தபின்னராவது சீதையை விட்டுவிடுமாறு சொல்லிவிட்டே புறப்படுகின்றான். ஆகவே, வீடணன் இராவணனுக்குச் சொன்ன நியாயம் கும்பகருணனுக்குப் புதியதன்று. அறம் எது என்பதில் அவ்விருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை. பட்டிமண்டப எதிர்நிலை இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகின்றது.

களத்திலே அவனைக் கண்ட இராமன், இவன் யார் என வினவுகின்றான். வீடணன் விளக்குகின்றான். இவனையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழ, வீடணனே தூதாகச் செல்கின்றான். தனியே வரும் தம்பியைக் கண்டதும் கும்பகருணன் தூதைப் பற்றி எண்ணவில்லை. இவன் இராமனை விட்டு மீண்டும் நம்மிடம் வந்துவிட்டானோ என்ற அச்சமே அவனுக்கு முதலில் எழுகின்றது. காலில் விழுந்த தம்பியை எடுத்து மார்போடு தழுவிக் கண்ணீர் சொரிகின்றான். நாங்கள் எல்லோரும் அழிந்தாலும் நீ ஒருவன் தப்பினாய் என்று தேறியிருந்தேனே, அதனையும் கெடுத்து ஏன் வந்தாய் என்பது அவன் கூற்றின் பொருள். வான்மீகத்தில் இச்சந்திப்பு இத்துணை விரிவாக அமையவில்லை. தமையன் தம்பிக்குச் சொல்லும் இவ்வார்த்தைகளுக்காகவே கம்பன் இவ்விடத்தை விரித்தான் எனக் கொள்வது பொருந்தும்.

கும்பகருணன் காட்டும் காரணங்களைத் தொகுத்து நோக்கலாம். முதலாவது, நீ அடைந்த அடைக்கலம் பெரிது, அதனை விட்டு அழிவின் பக்கம் வருவது பேதைமை என்பது. இரண்டாவது, குலத்தின் இயல்பு கெட்டுவிட்டாலும் உன் ஒருவனால் புலத்தியன் மரபு மாயாமல் நிற்கும் என்பது. மூன்றாவது, அம்புமழையில் நாங்கள் இறந்தொழியும்போது, நீயும் உடன் இறந்தால் எங்களுக்கு எள்ளும் நீரும் இறைத்துக் கடன் கழிக்க யார் இருப்பார் என்பது. நான்காவது, இலங்கைக்கு நீ வரவேண்டிய காலம் ஒன்றுண்டு, நாங்கள் எல்லோரும் முடிந்தபின் இராமனோடு கூடவந்து செல்வத்தைத் துய்ப்பாயாக என்பது.

இவற்றுள் முதலாவது மட்டுமே அறம் பற்றியது. ஏனைய மூன்றும் வாழ்வு பற்றியன: குடி நிலைத்தல், இறந்தோர்க்குக் கடன் செய்தல், வீடு திரும்பி வாழ்தல். இராமன் பரம்பொருள், ஆகவே அவனோடு இரு என்று மட்டும் கும்பகருணன் சொல்லியிருந்தால் அது ஒரு சமய உபதேசமாக நின்றிருக்கும். அவன் பேசுவதோ ஒரு குடும்பத்து மூத்தவன் பேசும் பேச்சாகும். உயிரோடிரு, குடியை நிலைநிறுத்து, எங்கள் அந்தியேட்டியைச் செய் என்று கேட்கும் யாழ்ப்பாணத்துப் பெரியையா ஒருவரின் குரல் அதில் ஒலிப்பதை நாம் உணரலாம்.

இக்கூற்றில் மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்தில் விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்பதே வழக்கு. அனுப்புவோரும் ‘போட்டு வா’ என்றே சொல்வர். போதலோடு வருதலையும் சேர்த்துச் சொல்வது மங்கலமாகக் கொள்ளப்படுகின்றது. கும்பகருணனும் வருதலைச் சொல்லத்தான் செய்கின்றான். ஆனால், அவன் சொல்லும் ‘வா’வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொல்பவர் இல்லாதொழிந்த பின்னரே வரவேண்டும் என்பது அந்நிபந்தனை. உன்னை வரவேற்க நான் இருக்கமாட்டேன் என்பதை அறிந்துகொண்டே அவன் தம்பியை வா என்கின்றான். காட்சியின் துயரம் முழுவதும் இவ்வொரு நிபந்தனையிலே தங்கியுள்ளது எனலாம்.

இருவரும் ஒருவரையொருவர் அழைத்தல்

வீடணன் பேசாமல் இருந்தானல்லன். இராமன் உனக்கு அருள்செய்வான், எனக்களித்த இலங்கையை உனக்கே தருவேன், உனக்கு ஏவல் செய்து நிற்பேன் என்கின்றான். உடலில் எழுந்த நோயை மருத்துவன் அறுத்துக் குருதியை வெளியேற்றிச் சுட்டு மருந்திட்டு ஆற்றுதல்போல, தீமை செய்தவன் உறவினனாயினும் நீக்கத்தக்கவனே என்றும் வாதிடுகின்றான். இவ்வாதம் வலிமையானது. கும்பகருணன் இதனை மறுத்துரைக்கவும் இல்லை. நிலையில்லாத இவ்வாழ்வை விரும்பி, என்னை நெடுங்காலம் வளர்த்துப் பின்னர் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடாமல் நான் அங்கு வரமாட்டேன் என்பது மட்டுமே அவன் மறுமொழி. அடுத்த கணமே பேச்சைத் தம்பியின் பக்கம் திருப்பி, என் துயரைத் தீர்க்க விரும்பினால் விரைந்து இராமனிடம் செல் என்கின்றான்.

இவ்விடத்தில் ஒரு முரண் இருப்பதாகத் தோன்றலாம். தனக்கு ஒரு நீதியும் தம்பிக்கு ஒரு நீதியும் வைத்துக்கொண்டவன் நேர்மையானவனா என்று கேட்கலாம். வாழ்வு நிலையற்றது என்பது உண்மையாயின், அந்நிலையற்ற வாழ்வைத் தம்பிக்கு மட்டும் ஏன் பரிந்துரைக்க வேண்டும்? நில்லாமையை உணர்ந்தவன் இருவருக்கும் சாவையன்றோ கூறவேண்டும்?

இவ்வினாவிற்கு விடை, கும்பகருணன் எந்நிலையில் நின்று பேசுகின்றான் என்பதிலே உள்ளது. அவன் தன்னைப் பற்றிப் பேசும்பொழுது வீரனாகப் பேசுகின்றான். தம்பியைப் பற்றிப் பேசும்பொழுது காவலனாகப் பேசுகின்றான். தந்தை நிலையில் நிற்கும் ஒருவன் தன் கடமையைத் தன் பிள்ளைக்கு விதியாக்குவதில்லை. தான் ஏற்ற சாவைத் தம்பிமீது சுமத்தாமை அவன் அன்பின் இலக்கணமாகும். தன் கொள்கையில் உறுதியுள்ளோர் பலர், தமக்கு அன்பானோரையும் அக்கொள்கையின் முடிவுக்கே இழுத்துச் செல்வர். கும்பகருணனோ தான் செல்லும் வழியில் தம்பியைத் தொடரவிடாது தடுக்கின்றான். செஞ்சோற்றுக்கடன் கழித்தமையைக் காட்டிலும் இதுவே அவனது அரிய பண்பு என்பது எமது துணிபு.

தமிழிலே பிற ‘போ’க்கள்

கும்பகருணனின் சொல் எத்துணை வேறுபட்டது என்பதைத் தமிழிலக்கியத்துப் பிற வழியனுப்புதல்களோடு ஒப்பிடும்போதே தெளிவாக உணரலாம். முதலில் நினைவுக்கு வருவது ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுச் செய்யுள் (279). முன்னொரு நாட் போரிலே தமையனை இழந்தவள், நேற்றைய போரிலே கணவனை இழந்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் தலையில் எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். மூதின் முல்லை என்னும் துறைக்கு இச்செய்யுள் சிறந்த எடுத்துக்காட்டாகும். பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் 1968இல் வெளியான தமது வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வில் இத்தகைய பாடல்களைக் குலக்குழுச் சமூகத்தின் போர் விழுமியங்களோடு இணைத்து விளக்கும் நெறியைக் காட்டினார். அவ்விழுமியத்தில் குடியின் பெருமை உயிரைவிட மேலானது. எனவே தாய் சொல்லும் ‘போ’ சாவை நோக்கியதாகின்றது.

அடுத்தது கம்பன் தானே படைத்த சுமித்திரை. நகர்நீங்கு படலத்திலே இலக்குவனை அவள் தடுக்கவில்லை. இங்கே நிற்பதே குற்றம் என்கின்றாள். இராமனைத் தந்தையாகவும் சீதையைத் தாயாகவும் காட்டினையே அயோத்தியாகவும் கொள்ளச் சொல்கின்றாள். தம்பியாக அன்றி அடியவனாகச் செல் என்றும், அவன் மீண்டால் நீயும் மீள்க, இல்லையேல் அவனுக்கு முன்னே உன் உயிர் முடிக என்றும் பணிக்கின்றாள். இங்கேயும் அன்புண்டு. எனினும் அந்த அன்பு ஓர் உயர்ந்த கடமைக்கு மகனை முழுமையாகக் கொடுத்துவிடுகின்றது. மகன் மீள்வது மற்றொருவன் மீள்வதைப் பொறுத்தே அமைகின்றது.

இவ்விரு தாய்மாரும் தமிழ் மேடையிலே மிகுதியாகப் போற்றப்பட்டவர்கள். பாடநூல்களிலும் அரசியற் சொற்பொழிவுகளிலும் புறநானூற்றுத் தாய் தமிழ்த்தாய்மையின் முழு உருவாகவே காட்டப்பட்டாள். கும்பகருணனின் ‘போ’ இவற்றிற்கு எதிர்த்திசையில் நிற்கின்றது. அங்கே வாழ்வோர் இளையோரைச் சாவுக்கு அனுப்புகின்றனர்; இங்கே சாவுக்குச் செல்பவன் இளையவனை வாழ்வுக்கு அனுப்புகின்றான். இத்திசைமாற்றத்தை நம் விமர்சனம் போதியளவு கவனிக்கவில்லை.

ஆயின் இதற்கு முன்மாதிரி தமிழிலே இல்லையா? உண்டு. அது புறத்திணையில் இல்லை, அகத்திணையில் உள்ளது. உடன்போக்கு நிகழும்போது தலைவியைத் தலைவனோடு அனுப்பிவைப்பவள் தோழி. தாயும் செவிலியும் அறியாதவாறு, ஊரின் அலரையும் காவலையும் கடந்து, போய் வாழுங்கள் என்று துணிபவள் அவளே. அனுப்பும்போது அவள் தலைவனிடம் தலைவியைக் கையடைப்படுத்துகின்றாள். இவள் இளமை கழிந்து மூப்படைந்த காலத்தும் கைவிடாது காப்பாயாக என்று வேண்டும் நற்றிணைச் செய்யுள் (10) இதற்கு நல்ல சான்றாகும். இத்தகைய வேண்டுகோளை ஓம்படை என்பது மரபு.

கும்பகருணனின் இறுதி வேண்டுகோளை இவ்வோம்படையோடு ஒப்பிட்டால் வியப்பான ஒற்றுமை புலனாகின்றது. கைகால்களை இழந்து கிடக்கும் அவன் இராமனிடம் இரண்டு வரங்களைக் கேட்கின்றான். சுக்கிரீவனால் மூக்கும் காதும் இழந்த தன் முகத்தைத் தேவர் காணாதவாறு தலையை அறுத்துக் கடலில் இடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இது தன் மானம் பற்றியது. மற்றது தம்பி பற்றியது. இவன் குலத்தின் சிறுமையை அறியாதவன், நீதியின் வழியையே அறிந்தவன், உன்னையே அடைக்கலமாகக் கொண்டவன் என்று வீடணனுக்குச் சான்று பகர்கின்றான். இராவணன் இவனைக் காணின் தம்பியென்று இரங்கமாட்டான். ஆகவே நீயோ உன் தம்பியோ அனுமனோ ஒருபொழுதும் இவனைப் பிரியாதிருக்க அருள்க என்று இறைஞ்சுகின்றான். தன்னைக் கொல்பவனிடமே தன் தம்பியைக் கையடைப்படுத்தும் ஓம்படை இது. அகத்திணைத் தோழி ஊரெல்லையிற் சொன்னதைக் கம்பன் கும்பகருணன் வாயிலாகப் போர்க்களத்திலே சொல்விக்கின்றான். வீரம் பேசும் படலத்தின் நடுவே அகத்தின் இளகிய குரல் புகுந்தமையாலேயே இப்பகுதி நம் நெஞ்சை இன்றும் தொடுகின்றது.

யாழ்ப்பாணத்து அனுபவம்

இலக்கியத்தை வாழ்வோடு ஒட்டிப் பார்க்கும்போது, ‘போ’ என்னும் சொல் யாழ்ப்பாணத்திற்குப் புதியதன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஆங்கிலக்கல்வி பெற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராகவும் புகையிரதப்பகுதி ஊழியராகவும் மலாயாவுக்குச் சென்றனர். கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்றோர் இன்னும் பலர். அவர்களை அனுப்பிய பெற்றோர் சொன்னது ‘போட்டு வா’ என்பதே. உழைத்து, சகோதரிகளுக்குச் சீதனம் சேர்த்து, ஊரிலே வீடு கட்டி, இளைப்பாறிய பின் வந்து குடியிருப்பது அதன் பொருள். மலாயாவிலிருந்து மீண்ட ஓய்வூதியர் கட்டிய வீடுகள் குடாநாட்டின் பல ஊர்களில் அவ்வருதலின் சாட்சியங்களாக நின்றன.

1983 யூலை வன்செயலின் பின்னர் அச்சொல்லின் பொருள் மாறியது. குடாநாட்டிலும் இளைஞர் கைதும் சுற்றிவளைப்பும் அன்றாடமாகின. மறுபுறம் இயக்கங்கள் இளையோரை ஈர்த்தன. இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற தாயும் தந்தையும் காணியை ஈடுவைத்தும் தாலிக்கொடியை விற்றும் பிள்ளையை வெளிநாட்டிற்கு அனுப்பினர். போய் எங்கேயாவது ஒரு நிலையாக இரு, ஒரு கலியாணத்தைச் செய், இங்கே வராதே என்பது அவர்கள் வார்த்தை. வருதலை நீக்கிய ‘போ’ யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒலிக்கத் தொடங்கியது அப்பொழுதே எனலாம்.

இதன் கூர்மையான வடிவத்தை 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட காலத்திலே காண்கின்றோம். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, மக்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்த காலம் அது. குடாநாட்டை விட்டு வெளியேற விரும்புவோர் விடுதலைப் புலிகளிடம் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியிருந்தது. செல்பவர் மீள்வதற்கு உறுதியாக, இங்கே இருக்கும் ஒருவர் பிணைநிற்பதும் வேண்டப்பட்டது. ஒருவர் வெளியேற மற்றொருவர் தம்மை உள்ளே ஈடாக வைத்தார். நான் நிற்கின்றேன், நீ போ என்னும் கும்பகருணன் கூற்று ஒரு படிவத்திலே கையொப்பமாக மாறிய காலம் அதுவெனக் கூறின் மிகையாகாது. அவ்வாறு கையொப்பமிட்டோருள் எத்தனை பேர் தாம் அனுப்பியவர் திரும்பக்கூடாது என்று மனத்துள் வேண்டியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வனுபவத்தை ஈழத்து இலக்கியம் இரு முனைகளிற் பதிவு செய்துள்ளது. ஒன்று ரஞ்சகுமாரின் ‘கோசலை’ என்னும் சிறுகதை. 1989இல் வெளிவந்த ‘மோகவாசல்’ தொகுதியில் இடம்பெற்ற இக்கதை, மைந்தரை இயக்கத்தின் வழியில் இழக்கும் தாயொருத்தியைப் பற்றியது. தலைப்பே இராமகாதையை நினைவூட்டுகின்றது. ஆயின் ஆசிரியர் இத்தாய்க்குச் சுமித்திரையின் பெயரை வைக்கவில்லை; மகன் காட்டிற்குச் செல்வதைத் தாங்கமாட்டாது தவித்த கோசலையின் பெயரை வைத்தார். இத்தெரிவு தற்செயலானதன்று என்றே கருதவேண்டியுள்ளது. புறநானூற்றுத் தாயை மேடைகள் முழங்கிய காலத்திலே, அனுப்பாத தாயை, பிள்ளை தானே போய்விட்டதால் காத்திருக்கும் தாயை அவர் கதையின் நடுவில் வைத்தார். இம்மண்ணிற் பெரும்பாலான தாய்மார் அத்தாயையே ஒத்தவர்கள்.

மற்றையது குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் ‘எந்தையும் தாயும்’ என்னும் நாடகம். 1990களில் மேடையேறிய இந்நாடகம், பிள்ளைகள் யாவரும் வெளிநாடுகளுக்குச் சென்றுவிட ஊரிலே தனித்துவிடப்பட்ட முதியோரின் நிலையைக் காட்டுகின்றது. போ என்று சொன்னவர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்னும் வினாவை இந்நாடகம் எழுப்புகின்றது. கும்பகருணன் அன்றைய பொழுதிலேயே இறந்துபடுகின்றான். தன் சொல்லின் விளைவோடு வாழும் துன்பம் அவனுக்கு இல்லை. யாழ்ப்பாணத்து மூத்தோரோ அனுப்பியபின் பல்லாண்டு உயிர் வாழ்ந்தனர். கடிதத்தையும், பின்னர் தொலைபேசியையும் பார்த்திருந்தனர். கும்பகருணன் கேட்ட எள்ளும் நீரும் அவர்களிற் பலருக்குக் கிடைக்கவுமில்லை. கொள்ளிவைக்க வேண்டிய மகன் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக வேறொரு நாட்டிற் காத்திருந்தமையால் மருமகனோ அயலவனோ கொள்ளிவைத்த சாவீடுகள் நம் ஊர்களில் அரியன அல்ல. கம்பனின் காட்சி ஒரு கணத்திற் காட்டி முடித்ததைச் சண்முகலிங்கம் அவர்கள் காலவோட்டத்தில் விரித்துக் காட்டினார் எனலாம்.

சில தடைகள்

இக்கருத்திற்கு எழக்கூடிய தடைகளையும் நோக்குதல் வேண்டும். வெளியேறுமாறு இளையோரைத் தூண்டிய மூத்தோரை இத்துணை உயர்த்துவது, நின்று போராடி மடிந்தோரைத் தாழ்த்துவதாகாதா என்று கேட்கலாம். கம்பன் காட்சியே இதற்கு விடையாகும். கும்பகருணன் நின்றவன், வீடணன் சென்றவன். நின்றவனே சென்றவனுக்கு வழிவிடுகின்றான், சென்றவனுக்குச் சான்றும் பகர்கின்றான். வீடணன் என்னும் பெயர் நம் அரசியல் வழக்கிலே துரோகத்தின் மறுபெயராயிற்று. 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ முதலாய படைப்புக்கள் வழியே இராவணன் தமிழ் வீரனாக உயர்த்தப்பட, வீடணன் காட்டிக்கொடுத்தவனாகத் தாழ்ந்தான். அதே வசைச்சொல் பின்னர் ஊரைவிட்டுச் சென்றோர் மீதும் வீசப்பட்டது. ஆனால், இராவணனுக்காக உயிர்கொடுத்த கும்பகருணன் வீடணனை ஓரிடத்தும் துரோகி என்று கூறவில்லை என்பதை இவ்வசையாளர் மறந்துவிட்டனர். இழப்பதற்கு எல்லாவற்றையும் உடையவனாய் நின்றவன் சொல்லாத பழியை, பார்த்திருப்போர் சொல்வது தகுமா?

இரண்டாவது தடை இதனைவிட வலிமையானது. ‘போ’ என்று சொல்வதற்கும் வசதி வேண்டும். ஈடுவைக்கக் காணி உடையோரே பிள்ளையை அனுப்பினர். கே. டானியல் தம் ‘பஞ்சமர்’ முதலாய நாவல்களிலே காட்டிய நிலமற்ற மக்களுக்கு விற்பதற்கு என்ன இருந்தது? அவர்களுடைய தாய்மாரும் தம் பிள்ளைகள் வாழவேண்டுமென்றே விரும்பினர். விருப்பத்தைச் செயலாக்கும் பொருள்தான் அவர்களிடம் இருக்கவில்லை. ஆகவே நின்றோர் யாவரும் கொள்கையால் நின்றவரல்லர். சென்றோர் யாவரும் அச்சத்தாற் சென்றவருமல்லர். சாதியும் வர்க்கமும் இவ்விரு திசைகளையும் பெருமளவிற்குத் தீர்மானித்தன. கும்பகருணனை அரசகுமாரனாகக் கண்ட காவியம் இவ்வுண்மையைக் காட்டாது. இது கம்பனின் குறையன்று, காவியம் என்னும் வடிவத்தின் எல்லையாகும்.

மூன்றாவதாகப் பெண்களின் நிலையையும் கருதவேண்டும். ஆணுக்குச் சொல்லப்பட்ட ‘போ’ அகதி வாழ்வையும் உழைப்பையும் குறித்தது. பெண்ணுக்குச் சொல்லப்பட்டதோ பெரும்பாலும் முன்பின் காணாத மாப்பிள்ளை ஒருவனை நம்பித் தனியே விமானமேறுதலைக் குறித்தது. நற்றிணைத் தோழி அனுப்பிய தலைவி தான் விரும்பியவனோடு சென்றாள். ஓம்படை சொல்லத் தோழியும் அருகிருந்தாள். நிழற்படம் பார்த்து அனுப்பப்பட்ட பெண்ணை யார் யாரிடம் கையடைப்படுத்தினர்? நிலைபெற்று வாழ் என்னும் மூத்தோர் வார்த்தை அன்பினாலே சொல்லப்படினும், கேட்பவரின் விருப்பத்தை வினவாதவிடத்து அதுவே ஒரு சுமையாகிவிடும். கும்பகருணன் கூற்று வீடணன் முன்னமே தானாகத் தெரிந்தெடுத்த வழியை உறுதிப்படுத்தும் கூற்றாகும். வீடணன்மீது புதியதொரு வழியைத் திணிக்கும் கூற்றன்று. இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

சென்றவன் குரல்

இக்காட்சியிற் கம்பன் விரித்துரையாத ஒன்றும் உண்டு. தமையனைத் தொழுது வீடணன் மீள்கின்றான். அவன் அழுகின்றான் என்பதை அறிகின்றோம். பிற்பாடு இராவணனுடைய உடல்மீது வீழ்ந்து புலம்புவதையும், ஈமக்கடன் ஆற்றுவதையும் காண்கின்றோம். கும்பகருணன் அவனிடம் எதிர்பார்த்த குடிக்கடன் இவ்வாறு நிறைவேறுகின்றது. ஆயின், எல்லோரும் மாண்டபின் தான் மட்டும் வாழும் ஒருவனின் அகநிலை பட்டாபிடேகத்தின் ஆரவாரத்தில் மறைந்துவிடுகின்றது. முடிசூடிய வீடணன் இரவுகளில் எதனை நினைத்தான் என்பதைக் காவியம் கூறவில்லை.

கம்பன் விட்ட இவ்விடைவெளியை ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம் இன்று நிரப்பிவருகின்றது. கி. பி. அரவிந்தனின் கவிதைகளிலும், 2001இல் வெளிவந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ முதலாய புனைவுகளிலும் நாம் கேட்பது சென்றவனின் குரலாகும். போ என்று சொன்னவர் குரல் அங்கே நினைவாகவும் குற்றவுணர்வாகவும் தொடர்கின்றது. இவ்வகையில் நோக்கின், புலம்பெயர் இலக்கியத்தை வீடணன் கூற்று என்று கொள்ளலாம். நெடுங்காலமாக நம் விமர்சகர் அவன் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புரைத்தனர். அவன் என்ன உணர்ந்தான் என்று கேட்டோர் சிலரே.

இவ்வாராய்ச்சி பழங்கதை பற்றியது மட்டுமன்று. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் இளையோர் நாட்டைவிட்டுச் செல்லும் வேகம் மீண்டும் கூடியது. இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கும் எம்மிற் பலரும் படிப்பு முடிந்ததும் போய்விடு என்ற சொல்லை வீட்டிலே கேட்பவரே. உயிரச்சம் நீங்கியபின்னும் அச்சொல் நீங்கவில்லை. இப்பொழுது சொல்லப்படும் ‘போ’ கும்பகருணனின் ‘போ’வா, அன்றி மலாயாக் காலத்துப் ‘போட்டு வா’வா என்பதைச் சொல்வோரும் கேட்போரும் சேர்ந்தே தெளியவேண்டும். அழிவு உறுதியென்று கண்டவன் வருதலை நீக்கிச் சொன்ன சொல்லை, அழிவு கடந்த காலத்திலும் வழக்கம் பற்றித் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்பின், இம்மண்ணில் வாழ்வு இனி இல்லை என்று நாமே முடிவு கட்டியவர்களாவோம்.

தொகுத்து நோக்குமிடத்து, கும்பகருணன் வதைப்படலத்தின் களச்சந்திப்பைச் செஞ்சோற்றுக்கடனுக்கும் அறத்திற்குமான வழக்காக மட்டும் கொள்ளாது, காவலன் ஒருவன் தன் அன்பிற்குரியவனை வாழ்வுக்கு அனுப்பும் ஓம்படையாகக் கொள்வது காட்சியின் சொல்லுக்கும் பொருளுக்கும் இசைந்ததாகும். அவ்வாறு கொள்ளும்போது, புறநானூற்றுத் தாயை மட்டுமே முன்மாதிரியாகக் காட்டிய நம் இலக்கிய நோக்கு விரிவடையும். பிள்ளையை உயிரோடு காப்பதற்காகத் தம்மைத் தனிமைக்கு ஈடுவைத்த யாழ்ப்பாணத்து மூத்தோரும் அந்நோக்கிலே தமக்குரிய இடத்தைப் பெறுவர். அவர்களைப் பற்றிப் பாட நமக்குப் பழந்தமிழில் துறை ஒன்றும் வகுக்கப்படவில்லை. அத்துறையின் முதற்செய்யுளாகக் கும்பகருணன் கூற்றைக் கொள்வதில் தவறில்லை.